தொற்று என்னும் பிழைப்பெயர்: குறைமாதக் குழந்தையின் குடலும் தாய்ப்பாலின் உரிமையும்

குறைமாதக் குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் ஒரு குடல்நோய், மருத்துவமனை வாசல்களில் 'தொற்று' என்ற பெயரால் அறிவிக்கப்படுகிறது. அந்நோயைத் தடுப்பதில் இதுவரை மிக உறுதியான சான்றுகளைப் பெற்றிருக்கும் பொருள் தாய்ப்பால். அதுவோ சட்டத்தின் பார்வையில் ஒரு நாள் பால்பொருளாகவும் மறுநாள் ஆயுர்வேத மருந்தாகவும் உரிமம் பெற்று, பின் இரண்டையும் இழந்து நிற்கிறது. இரண்டு இடங்களிலும் பெயர் பிழையாக இருக்கிறது. சொல்லாராய்ச்சி செய்வோருக்கு மட்டுமே உறுத்தும் பிழைகள் என்றால் இவற்றைப் புறந்தள்ளிவிடலாம். முதற்பிழை பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டாம் பிழை, எடை ஒரு கிலோவைத் தொடாத குழந்தைக்குச் சேரவேண்டிய பாலை யார் கொடுப்பது என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது.

நிலைமை இதுதான். பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் முதலான பழைய கன்டோன்மென்ட் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடமும் தக்கனி உருதுவும், மருத்துவமனைக் கோப்பில் ஆங்கிலம் என்பது அங்கே அன்றாட வழக்கு. அத்தகைய வீடொன்றில் ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது என்று கொள்க. முதல் பத்து நாட்கள் மூச்சுக்கருவியோடு போராட்டம். பின்னர் சற்றுத் தேறுகிறது. குழாய் வழியே பால் ஏறுகிறது. இரண்டு மூன்று வாரம் ஆகும்போது திடீரென வயிறு உப்புகிறது. பால் செரிக்காமல் தேங்குகிறது, பித்தம் கலந்த பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம். எக்ஸ்-ரே படத்தில் குடற்சுவருக்குள்ளேயே காற்றுக்குமிழ்கள் தென்படுகின்றன. கோப்பில் மூன்றெழுத்து எழுதப்படுகிறது: என்.இ.சி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் குடும்பத்தாரிடம் அது ஒரே சொல்லாகச் சுருங்குகிறது: 'குடலில் இன்ஃபெக்‌ஷன்.'

அந்தச் சொல் விழுந்த கணத்தில் விசாரணை தொடங்கிவிடுகிறது. யார் கை கழுவாமல் தொட்டது? தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா? பால் எடுத்த பாத்திரம் கொதிக்கவைக்கப்பட்டதா? பார்க்க வந்த அத்தை எங்கிருந்து வந்தாள்? கேள்விகள் யாரைச் சுற்றி வந்தாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் தாய்தான். குழந்தையைக் குறைமாதத்தில் பெற்றதே தன் குற்றம் என்று ஏற்கனவே குமைந்துகொண்டிருப்பவள்மேல் இன்னொரு பழி ஏறுகிறது.

இது கேட்பவர்களின் அறியாமையால் விளைவதன்று. சொல்லின் இயல்பே இப்படித்தான் கேட்கவைக்கிறது. தமிழில் 'தொற்றுதல்' என்றால் பற்றிக்கொள்ளுதல், ஒட்டிக்கொள்ளுதல். கன்னடத்தில் இதற்கு வழங்கும் 'சோங்கு' என்ற சொல்லுக்கு அடிப்பொருள் தீண்டுதல். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலம் தோய்த்தல், கறைபடுத்துதல் என்னும் பொருளது. மூன்று மொழிகளும் ஒரே படத்தை வரைகின்றன: வெளியிலிருந்து ஒன்று வருகிறது, ஒருவரைத் தீண்டுகிறது, கறை படிகிறது. தீண்டல் என்றால் தீண்டியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். தீட்டும் தூய்மையும் பற்றிய நீண்ட வரலாறு கொண்ட ஒரு சமூகத்தில் அந்தத் தேடல் எங்கே போய் முடியும் என்பதை விளக்கத் தேவையில்லை.

நோயின் உண்மையான பெயர் வேறு. நெக்ரோடைசிங் என்ட்டரோகோலைட்டிஸ் என்ற நெடும்பெயரைப் பிரித்தால் மூன்று செய்திகள் கிடைக்கும். 'நெக்ரோஸ்' பிணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இங்கே திசுவின் இறப்பு. 'என்ட்டரான்', 'கோலான்' இரண்டும் சிறுகுடல், பெருங்குடல். ஈற்றிலுள்ள 'ஐட்டிஸ்' பண்டைக் கிரேக்கத்தில் 'இன்னதைச் சார்ந்த' என்ற பொருளில் நோய் என்னும் பெண்பாற்பெயரோடு ஒட்டி வந்த பெயரடை விகுதி. பிற்கால மருத்துவத்தில் அழற்சி என்ற பொருளில் நிலைபெற்றது. ஆக, குடற்திசு இறந்துபோகும் அழற்சி என்பதே பெயர் சொல்லும் செய்தி. தொற்று என்ற கருத்துக்கு இப்பெயரில் எங்கும் இடமில்லை. தமிழில் 'அழற்சி' அழல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. கன்னடத்தில் 'உரியூத' என்பது எரிவும் வீக்கமும் இணைந்த கூட்டுச்சொல். இரு மொழிகளிலும் பொருத்தமான சொல் முன்பே இருக்கிறது. இருந்தும் அது பாடநூலைத் தாண்டி வார்டுக்குள் வரவில்லை.

அழற்சி என்பது உடல் தானே மூட்டும் தீ. இந்த நோயில் அந்தத் தீ ஏன் மூள்கிறது என்பதைக் கடந்த இருபதாண்டு ஆய்வுகள் ஓரளவு தெளிவாக்கியிருக்கின்றன. அதன் கதை ஓர் ஈயிலிருந்து தொடங்குகிறது.

1980-களில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் பழ ஈயின் கருவளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்த கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் குழுவினர், கருவின் முதுகுப்புறம் எது, வயிற்றுப்புறம் எது என்பதைத் தீர்மானிப்பதில் பங்குகொள்ளும் ஒரு மரபணுவுக்கு 'டோல்' என்று பெயர் வைத்தனர். ஜெர்மன் பேச்சுவழக்கில் அது 'அபாரம்' என்பதைப் போன்ற வியப்புச்சொல். 1996-இல் பிரான்சில் ஜூல் ஹாஃப்மனின் ஆய்வகம், அதே டோல்தான் வளர்ந்த ஈயைப் பூஞ்சைகளிடமிருந்து காக்கிறது என்று காட்டியது. 1998-இல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லரின் குழு எலிகளில் ஆராய்ந்து, டோலை ஒத்த ஏற்பிகளுள் ஒன்றாகிய டி.எல்.ஆர்.4 என்பதே கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் மேலுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடை உணரும் ஏற்பி என நிறுவியது. 2011-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவ்விருவரோடு ரால்ஃப் ஸ்டைன்மனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கருவை வடிவமைக்கும் கருவியாக முதலில் அறியப்பட்ட டோல், பின்னரே காவற்கருவி என அறியப்பட்டது. ஒரே சமிக்ஞைப் பாதைக்கு இரண்டு பணிகள். ஒரே சொல் இடம் மாறும்போது பொருள் மாறுவதை மொழியியல் மாணவர் முதலாண்டிலேயே கற்பர். குறைமாதக் குழந்தையின் குடலில் நடப்பதும் ஏறத்தாழ அதுவே.

டேவிட் ஹேக்கம் தலைமையிலான குழு முதலில் பிட்ஸ்பர்க்கிலும் பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் செய்த ஆய்வுகள் இதைப் படிப்படியாக விளக்கியுள்ளன. கருவின் குடல் வளரும் காலத்தில் அதன் உட்பரப்புச் செல்களில் டி.எல்.ஆர்.4 மிகுதியாக இருக்கிறது. எந்தச் செல் எதுவாக முதிர வேண்டும் என்பதில் அதற்குப் பங்குண்டு. நிறைமாதத்தை நெருங்கும்போது அதன் அளவு குறைகிறது. கருப்பைக்குள் இந்த மிகுதியால் ஆபத்தில்லை. அங்கே பாக்டீரியாக்களின் திரள் இல்லை. கரு விழுங்கும் பனிக்குட நீரிலுள்ள வளர்ச்சிக் காரணிகளும் இந்த ஏற்பியை அடக்கிவைக்கின்றன. ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையோ, வளர்ச்சிக்கென வைத்திருந்த ஏற்பியின் மிகுதியோடு பாக்டீரியாக்கள் நிறைந்த உலகுக்குள் வந்துவிடுகிறது. குடலில் இயல்பாகக் குடியேறும் நுண்ணுயிர்களே அந்த ஏற்பியைத் தூண்டிவிடுகின்றன.

தூண்டப்பட்ட பிறகு நடப்பவை ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. உட்பரப்புச் செல்கள் மடிகின்றன. அவை மடிந்த இடத்தை நிரப்ப நகர்ந்துவர வேண்டிய பக்கத்துச் செல்களின் நகர்வும் தடைப்படுகிறது. சளியைச் சுரந்து சுவரைக் காக்கும் செல்கள் குறைகின்றன. விரிசல் வழியே பாக்டீரியாக்கள் உள்ளே இறங்கி, இரத்தக்குழாய்களின் உட்சுவரிலுள்ள அதே டி.எல்.ஆர்.4-ஐத் தூண்ட, குழாய்களை விரித்துவைக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்து இரத்த ஓட்டம் சுருங்குகிறது. அழற்சியை மூட்டும் டி-செல்கள் பெருகுகின்றன. அடக்கும் டி-செல்கள் குறைகின்றன. இரத்தம் எட்டாத குடற்பகுதி இறந்து கறுக்கிறது. சில குழந்தைகளில் குடல் ஓட்டைவிழுந்து அறுவைசிகிச்சை தேவைப்படுகிறது. 1500 கிராமுக்கும் குறைந்த எடையோடு பிறப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரை இந்நோய் தாக்குவதாகவும், தாக்கப்பட்டவர்களில் நான்கிலொரு பங்கினர் வரை இறப்பதாகவும் மருத்துவ நூல்கள் பொதுவாகக் கூறுகின்றன. பிழைப்பவர்களில் சிலர் குடலின் பெரும்பகுதியை இழந்து, ஊட்டத்துக்கு ஊசிவழியை நம்பி வாழ நேர்கிறது. இச்சான்றுகளில் பெரும்பகுதி எலி, பன்றிக்குட்டி ஆகியவற்றிலிருந்தும் அறுவையில் அகற்றப்பட்ட மனிதத் திசுக்களிலிருந்தும் வந்தது. டி.எல்.ஆர்.4 மட்டுமே முழுக் காரணம் என்று எவரும் முடித்துவிடவில்லை. ஆயினும் ஆய்வின் திசை தெளிவானது: பாக்டீரியா வந்ததைக் காட்டிலும், முதிராத குடல் அதற்கு அளவுமீறி மறுமொழி சொன்னதே அழிவின் மையம்.

இங்கே மருத்துவத் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு எழும். பாக்டீரியா இல்லாமல் இந்நோய் வருவதில்லையே, ஆன்டிபயாடிக் கொடுத்துத்தானே சிகிச்சை செய்கிறோம், பிறகு தொற்று என்பதில் என்ன பிழை? மறுப்பின் முதற்பாதி உண்மை. பாக்டீரியா நுழையாத சூழலில் வளர்க்கப்படும் விலங்குகளில் இந்நோயை உண்டாக்க முடிவதில்லை. நோய் வெளிப்படுமுன் குடலில் புரோட்டியோபாக்டீரியா இனங்கள் பெருகுவதையும் ஆய்வுகள் கண்டுள்ளன. சில வேளைகளில் ஒரே பிரிவில் பலருக்கு அடுத்தடுத்து வருவதும் உண்டு. ஆகவே கை கழுவுதலின் கண்டிப்பு தளரக்கூடாது. நோய் வந்தபின் ஆன்டிபயாடிக் தேவை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் இந்நோய்க்கென ஒரு குறிப்பிட்ட கிருமி இதுவரை அடையாளம் காணப்படவில்லை. ஒரு குழந்தையில் நோயோடு காணப்படும் பாக்டீரியா, அடுத்த தொட்டிலில் நலமாக வளரும் குழந்தையின் குடலிலும் வாழ்கிறது. காய்ந்த வைக்கோற்போர் எரிந்ததற்குத் தீக்குச்சியை மட்டும் காரணம் சொல்லி, போர் காய்ந்துகிடந்ததைச் சொல்லாமல் விடுவது அரைகுறை விளக்கம்.

அரைகுறை விளக்கத்துக்கு மருத்துவ விலையும் உண்டு. தொற்று என்ற எண்ணம் மேலோங்கும் இடத்தில் ஆன்டிபயாடிக் முன்கூட்டியே தொடங்கி நீண்டுகொண்டே போகிறது. 2009-இல் வெளியான அமெரிக்கப் பல்மைய ஆய்வொன்று, இரத்தப் பரிசோதனையில் கிருமி வளராதபோதும் பிறந்தவுடன் தொடங்கிய ஆன்டிபயாடிக்கை ஐந்து நாட்களுக்கு மேல் நீட்டித்த மிகக் குறைந்த எடைக் குழந்தைகளில் இந்நோயோ இறப்போ கூடுதலாக நேர்ந்ததைக் காட்டியது. காரண காரியம் அதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. எனினும் எச்சரிக்கைக்கு அது போதும். குடியேற வேண்டிய நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்துத் துடைத்தெறிவது இளங்குடலுக்கு நன்மையாகாது.

இன்னொரு மறுப்பு கருணையின் பெயரால் வருவது. டி.எல்.ஆர்.4 என்றும் சமிக்ஞை என்றும் சொன்னால் பெற்றோருக்குப் புரியுமா, கவலையில் இருப்பவர்களிடம் எளிய சொல்லே நல்லதல்லவா என்பது அது. எளிமை வேண்டும், பொய் வேண்டா. கீழ்க்காணும் நான்கு வாக்கியங்களில் புரியாத சொல் எது என்று காட்டட்டும்: 'குழந்தையின் குடல் இன்னும் முதிரவில்லை. எல்லாக் குழந்தைகளின் குடலிலும் குடியேறும் கிருமிகளைக் கண்டு அது அளவுக்குமீறி எதிர்த்துவிட்டது. அந்த எதிர்ப்பே குடலைப் புண்ணாக்கியிருக்கிறது. இதில் அம்மா செய்த தவறு எதுவுமில்லை.' இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்று சொல்பவர்கள் தங்களுடைய நேரமின்மையைப் பெற்றோரின் அறிவின்மையாக மொழிபெயர்க்கிறார்கள்.

இனி இரண்டாம் பிழைக்கு வரலாம். மேற்சொன்ன சமிக்ஞைப் பாதையை அடக்கிவைக்கும் பொருட்கள் கருப்பைக்கு வெளியே எங்கே கிடைக்கின்றன? தாய்ப்பாலில். அதிலுள்ள எபிடெர்மல் வளர்ச்சிக் காரணி, டி.எல்.ஆர்.4-இன் செயலைத் தணிப்பதை எலி ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய்ப்பாலுக்கே உரிய ஒலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரைகளுள் சில அதே வேலையைச் செய்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அப்படியானால் அவை யாருக்காகச் சுரக்கின்றன? சில நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகவும், குடற்சுவருக்குச் செய்தியாகவும். தாயின் இம்யூனோகுளோபுலின்-ஏ பாக்டீரியாக்களைப் போர்த்தி அவை குடற்சுவரை நெருங்காமல் காக்கிறது. 2019-இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், இந்தப் போர்வை குறைந்த குழந்தைகளில் நோய் வெளிப்படுவதைக் காட்டினர். ஆகவே குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் பசியாற்றும் உணவு என்பதோடு நிற்பதில்லை. அறுந்துபோன பனிக்குட நீரின் உரையாடலை அது தொடர்கிறது.

மருத்துவமனைச் சான்றும் இதற்கு இசைகிறது. 1990-இல் ஆலன் லூகாஸும் டி. ஜே. கோலும் பிரிட்டனில் 926 குறைமாதக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, ஃபார்முலா பால் மட்டுமே பெற்றவர்களிடம் இந்நோய், தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்களைக் காட்டிலும் ஆறு முதல் பத்து மடங்கு மிகுதி எனக் கண்டனர். தாயின் பால் போதாத நிலையில் தானப்பாலா ஃபார்முலாவா என்று ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2024-இல் வெளியானது. 483 குழந்தைகள் பங்கேற்ற அந்த ஆய்வில் தானப்பால் பெற்றவர்களில் 4.2 விழுக்காட்டினருக்கும் ஃபார்முலா பெற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் இந்நோய் வந்தது. மூளை வளர்ச்சியில் இரு சாராருக்கும் வேறுபாடு தென்படவில்லை. எடை ஃபார்முலா பெற்றவர்களில் வேகமாகக் கூடியது. தானப்பாலை 62.5 பாகை செல்சியஸில் முப்பது நிமிடம் சூடாக்கும்போது எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பகுதி அழியும். சர்க்கரைகள் பெரும்பாலும் தப்பும். ஆகவே வரிசை தெளிவானது: முதலில் சொந்தத் தாயின் பால்; அது போதாதபோது பதப்படுத்திய தானப்பால்; இரண்டும் இல்லாதபோதே ஃபார்முலா.

இந்த வரிசையைச் சட்டம் எப்படிக் கையாண்டது என்பதற்குப் பெங்களூரே சான்று. 2016-இல் இந்நகரில் தொடங்கப்பட்ட நியோலாக்டா லைஃப்சயின்சஸ் என்ற நிறுவனம், தானமாகப் பெற்ற தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்க, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தைப் பால்பொருள் என்ற வகையில் பெற்றது. தாய்ப்பால் ஊட்டலை ஆதரிக்கும் அமைப்பினரின் எதிர்ப்புக்குப்பின் 2021-இல் அவ்வுரிமம் நீக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் 'நாரீக்ஷீரா' என்ற வடமொழிப் பெயரால் ஆயுர்வேதப் பொருளாக ஆயுஷ் உரிமம் கிடைத்தது. 2022-இல் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. தாய்ப்பால் வணிகம் பற்றிய வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2024 மே 24 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம், மனிதப் பாலைப் பதப்படுத்துவதற்கும் விற்பதற்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை என்று நாடு முழுமைக்கும் அறிவுறுத்தல் வெளியிட்டது. பாலின் சேர்மானம் இந்த எட்டாண்டுகளில் ஓர் அணுவும் மாறவில்லை. பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. பெயருக்கேற்ப அதன் சட்டத்தகுதியும் மாறியது.

விற்பனைத் தடை சரியானதே. பணத்துக்குப் பால் என்றானால் வறுமைப்பட்ட தாயின் மார்பு முதலில் காலியாகும். அவள் குழந்தையின் பங்கு குறையும். ஆனால் தடையோடு கடமை முடிந்தது என்று எண்ணுவது பெரும்பிழை. சந்தையை ஆதரிப்போர் கேட்கும் கேள்வியில் நியாயம் இருக்கிறது: 'விற்காதே என்றீர்கள், சரி. தொள்ளாயிரம் கிராம் குழந்தைக்கு இன்றிரவு பால் எங்கே?' இக்கேள்விக்கு விடை சொல்லாத தடை, அந்தக் குழந்தையை வரிசையின் கடைசியிலுள்ள ஃபார்முலாவிடம் ஒப்படைக்கிறது. கொள்கை வென்றது என்ற மனநிறைவோடு பெரியவர்கள் கலைந்துவிடலாம், குழந்தை காத்திருக்காது.

இதற்கு இந்திய வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு. ஒருகாலத்தில் இரத்தமும் விற்கப்பட்டது. 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வழியே, பணம் பெற்று இரத்தம் கொடுக்கும் வழக்கம் 1998 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது. ஆனால் அத்தீர்ப்பு தடையோடு நிற்கவில்லை. தேசிய அளவிலும் மாநில அளவிலும் இரத்த மாற்றுக் குழுமங்களை அமைக்கவும் உரிமமுறையை வலுப்படுத்தவும் ஆணையிட்டது. இரத்தத்தை எவரும் உணவென்று அழைப்பதில்லை. அது உடலிலிருந்து உடலுக்குச் செல்லும் உயிர்ப்பொருள். பரிசோதனையும் குளிர்ச்சேமிப்பும் பதிவேடும் அதற்குக் கட்டாயம். அறுவை அரங்கில் அது இல்லையென்றால் அரசு பதில் சொல்ல வேண்டும். தாய்ப்பாலுக்கும் அந்தத் தகுதியே பொருந்தும்.

அடித்தளம் இல்லாமலில்லை. மும்பை சயன் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989-இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியாவின் முதலாவது என்று போற்றப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் மேலாண்மை மையங்களை அமைப்பதற்கான தேசிய வழிகாட்டுதல் 2017-இல் வந்தது. பெங்களூரின் வாணி விலாஸ் மருத்துவமனையில் 'அம்ருத தாரே' என்ற பெயரில் அரசு வங்கி 2022-இல் திறக்கப்பட்டது. ஆனால் 1989-க்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. 2020-இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ முப்பது லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக அளவிலான மதிப்பீடு கூறுகிறது. ஒரு வங்கியின் திறப்புவிழாவே செய்தியாகும் நிலையில் இந்நாடு இன்னும் இருக்கிறது. இரத்த வங்கி திறந்தால் அது தலைப்புச் செய்தியாவதில்லை; இல்லாவிட்டால்தான் செய்தி.

பெயர்களைப் பற்றிய வாதம் என்பதால் 'அமுதம்' என்ற சொல்லையும் விட்டுவைக்கலாகாது. தாய்ப்பாலை அமுதமென்றும் தெய்வத்தன்மை என்றும் போற்றும் மரபு அழகியதே. ஆனால் தெய்வத்தன்மைக்கு யாரும் மின்னழுத்தப் பால் உறிஞ்சி வாங்கித்தர மாட்டார்கள். குறைமாதத்தில் பெற்ற தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமாகும். குழந்தை மார்பில் வாய்வைத்து உறிஞ்ச இயலாது. இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கொருமுறை பீய்ச்சியெடுத்தாலே சுரப்பு நிலைக்கும். அதற்குப் படுக்கையும் உணவும் கருவியும் கற்றுத்தரும் செவிலியும் வேண்டும். தாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குழந்தையை மட்டும் உள்ளே வைத்திருக்கும் பிரிவில் சுவரெங்கும் அமுதப் புகழ் எழுதியிருந்தாலும் பால் வராது. வராதபோது பழி மீண்டும் அவள்மீதே விழும்: 'உனக்குப் பால் இல்லை.' தொற்று என்ற சொல் முன்வாசலில் செய்ததை அமுதம் என்ற சொல் பின்வாசலில் செய்துமுடிக்கிறது.

ஃபார்முலா நிறுவனங்கள்மீது எல்லாப் பழியையும் சுமத்துவதும் எளிய தப்பித்தல்தான். 2024-இல் அமெரிக்க நீதிமன்ற ஜூரிகள் இந்நோய் தொடர்பாக மீட் ஜான்சனுக்கு எதிராக 6 கோடி டாலரும், அபாட்டுக்கு எதிராக 49.5 கோடி டாலரும் இழப்பீடு விதித்தனர். அதே ஆண்டு அக்டோபரில் அந்நாட்டின் மூன்று அரசு நல்வாழ்வு அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட அறிக்கையோ, கிடைத்துள்ள சான்றுகளின்படி நோயோடு தொடர்புடையது ஃபார்முலாவின் இருப்பைவிடத் தாய்ப்பாலின் இன்மையே என்றது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். எழுவாய் மாறும்போது பொறுப்பும் இடம் மாறுகிறது. 'ஃபார்முலா நோய் தந்தது' என்றால் பதில்சொல்ல வேண்டியது நிறுவனம். 'தாய்ப்பால் கிடைக்கவில்லை' என்றால் அதைக் கிடைக்கச் செய்யாதவர்கள் அனைவரும் பதில் சொல்ல வேண்டும். மருத்துவமனை, அரசு, மகப்பேறு விடுப்பு தராத முதலாளி, எல்லோரும். நிறுவனங்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் 1992-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் தேவையானது. அதைக் கடுமையாகச் செயற்படுத்தவும் வேண்டும். ஆனால் விளம்பரத்தை நிறுத்துவதால் மட்டும் குளிர்பெட்டியில் பால் வந்துவிடாது.

ஆகவே ஆய்வுலகத்தின்முன் வைக்கப்படும் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, தமிழில் இந்நோய்க்குக் 'குடல் நசிவு அழற்சி' என்பது போன்ற ஒரு பெயரை மருத்துவக் கல்லூரிகளும் மொழித்துறைகளும் கலந்துபேசி நிலைநிறுத்த வேண்டும். கன்னடத்தில் 'உரியூத' என்ற சொல்லை அடியாகக் கொண்டு அதே பணி நடக்க வேண்டும். கலைச்சொல்லாக்கம் கருத்தரங்கத் தாளோடு முடியாமல் வார்டின் பேச்சுக்குள் நுழைய வேண்டும்.

இரண்டு, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு ஒவ்வொன்றும் பெற்றோரின் மொழியில் ஒரு பக்க விளக்கத்தாள் தர வேண்டும். பெங்களூரின் கன்டோன்மென்ட் பகுதியில் அது கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் என நான்கு மொழிகளில் அமைய வேண்டும். 'அம்மாவின் தவறு அன்று' என்ற வாக்கியம் அதன் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும்.

மூன்று, தானத் தாய்ப்பாலுக்கு உணவு, மருந்து என்ற பழைய அறைகளில் இடம் தேடாமல், இரத்தத்துக்கு உள்ளதைப் போன்ற தனிச் சட்டநிலையை வகுக்க வேண்டும். விற்பனைக்குத் தடையும் வழங்கலுக்குப் பொறுப்பும் ஒரே சட்டத்தில் இடம்பெற வேண்டும்.

நான்கு, எத்தனை குழந்தைகளுக்கு இந்நோய் வந்தது, அவர்களில் எத்தனை பேருக்குத் தாயின் பாலோ தானப்பாலோ கிடைத்தது என்ற இரண்டு எண்களை ஒவ்வொரு பிரிவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மூலக்கூறு ஆய்வு செய்வோர் டி.எல்.ஆர்.4-ஐத் தடுக்கும் மருந்தைத் தேடுவது வரவேற்கத்தக்கதே. அம்மருந்து வரும்வரை அதே வேலையைச் செய்யும் பொருள் எத்தனை தொட்டில்களை எட்டியது என்று கணக்கெடுக்க நோபல் பரிசு பெற்றவர்கள் தேவையில்லை. ஒரு பதிவேடும் அதை நேர்மையாக நிரப்பும் ஒருவரும் போதும்.